பக்கவாசலில் ஒரு ஜோடி செருப்பு

அத்தியாயம் 7

வக்கீல் தங்கதுரை யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதே கிடையாது. அவரிடம் அடி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால்தான் காயமே தெரியும். எலப்புள்ளியில் பரம்பரை வயல், பாலக்காட்டில் ஆபீஸ். ஒரு கம்பெனியின் கழுத்தைப் போலீஸும் அரசாங்க இலாகாவும் ஒரே நேரத்தில் பிடித்தால் முதல் போன் இவருக்குத்தான் வரும்.

துப்பறியும் கௌசிகாவை அவர் கூப்பிட்டு அனுப்பியது செவ்வாய்க்கிழமை. ஆனைக்கரையில் வெண்குடை ஸ்பைசஸ் என்று ஒரு ஏலக்காய்க் கம்பெனி. பத்து நாளைக்கு முன் அதன் குடோனுக்குள் ராக்கப்பன் என்ற தொழிலாளி இறந்துபோயிருந்தார். வண்டு அரிக்காமலிருக்க விஷப்புகை மருந்து வைத்து மூடிய குடோன். மூன்று நாளைக்கு அதற்குள் ஈ எறும்புகூட நுழையக் கூடாது. ராக்கப்பன் இரண்டாவது நாள் நுழைந்தார்.

"அந்தக் குடோனுக்கு ரெண்டு கதவுங்க" என்றார் தங்கதுரை. "முன்கதவுச் சாவி ஸ்டோர்கீப்பர் பாண்டித்துரைகிட்ட. பக்கவாசல் சாவி மேனேஜர் ஜோஜோகிட்ட. முன்கதவு திறந்து கிடந்துதுன்னா ஒரு ஸ்டோர்கீப்பரோட கவனக்குறைவு. அவரோட போயிரும். பக்கவாசல்னா மேனேஜர், டைரக்டர், லைசென்ஸ், எல்லாம் போகுமுங்க. ஆள் எதுல போனாருன்னு எனக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சா?"

"வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாருங்க. பதினொண்ணுக்குப் போலீஸ். இவருகிட்டச் சொன்னது அவருகிட்டப் போயிரும், அவருகிட்டச் சொன்னது இவருகிட்ட வந்துரும். உண்மை என்னன்னு தெரியாம நான் ரெண்டு பேருகிட்டயும் வாயைத் திறக்க முடியாதுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. எதையும் எழுதாதீங்க, படம் எடுக்காதீங்க. எழுதினா ரெண்டு பேரும் கேப்பாங்க. பாத்ததை என்கிட்ட வாயால சொன்னாப் போதும்."

நியாயமான மனுஷன் என்று கௌசிகா நினைத்தாள். பதினாறு வருடமாகப் பொய்யர்களின் பின்னால் அலைந்தவள், உண்மை வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டதும் கொஞ்சம் மயங்கித்தான் போனாள்.

புதன்கிழமை கம்பம்மெட்டு ஏறும்போது உதவியாளன் சந்துரு சொன்னான்: "ஏனுங்கக்கா, வக்கீலு பாடு ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடுதானுங்க. ஒரு ஊட்டுல தின்னுபோட்டு இன்னொரு ஊட்டுல ஏப்பம் உடக் கூடாது."

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு சந்துரு. வளைவு வருது."

"வளைவு கண்ணுக்குத் தெரியுதுங்க. வக்கீலுதான் தெரியமாட்டேங்கறாரு."

பாண்டித்துரை கேட்டுக்கே வந்து காத்திருந்தார். ஐம்பத்து நாலு வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமினார். அந்த இருமல் பதினோரு நாளாக இருக்கிறது என்று அவராகச் சொல்லவில்லை. கௌசிகா கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"நம்ம வக்கீலய்யா அனுப்புன ஆளா? வாங்கம்மா. அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு எழுதிக் காமிச்சாரு, கையெழுத்தும் போட்டுட்டேன்."

"எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க."

"முன்கதவைப் பூட்டி, சாவி என் இடுப்புல இருந்துச்சும்மா. மதியம் மூணு மணி இருக்கும். ஜோஜோ சார் வேர்க்க விறுவிறுக்க ஓடியாந்தாரு. பாண்டி, கதவத் தொற, உள்ள ஆளு கெடக்குதுன்னாரு. தொறந்தேன். வாயில துண்டக் கட்டிக்கிட்டு உள்ள பாஞ்சேன். மூட்டைக்கு நடுவுல குப்புறக் கெடந்தான் ராக்கப்பன். கால் ரெண்டையும் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டேன். ஆனா அவன் அதுக்கு முந்தியே..." என்று நிறுத்தி இருமினார். "காய் கெடக்கிற எடத்துக்குள்ள செருப்போட ஓடிட்டேம்மா. அந்தப் பாவந்தான் பிடிச்சிருச்சோ என்னமோ."

"உள்ள ஒருத்தர் கிடக்கறது வெளிய இருந்த ஜோஜோவுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? கதவு பூட்டியிருந்துதுங்கறீங்களே?"

"அத நான் யோசிக்கலயேம்மா."

"நீங்க பரவால்லீங்க" என்றான் சந்துரு. "போலீஸே யோசிக்கலீங்க."

கம்பெனி போலீஸிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்த கதை வேறு. பாண்டித்துரை முன்கதவைப் பூட்டாமல் போய்விட்டார், ராக்கப்பன் ஏலக்காய் திருட நுழைந்து செத்தார். செத்தவன் திருடன், இழுத்துப் போட்டவன் குற்றவாளி. முன்கதவுச் சாவி பாண்டித்துரையிடம் மட்டும்தான், அந்தக் கதவு வழியாக அவர் பிணத்தை இழுத்து வந்ததைப் பார்த்தவர்களும் பத்துப் பேர் இருக்கிறார்கள். கதை சுலபமாக நின்றுவிட்டது. நாளைக்குப் பதினொன்றுக்குள் அது விழாவிட்டால் பாண்டித்துரை உள்ளே போவார். அந்த நெஞ்சோடு ஜெயிலில் எத்தனை மாதம் தாங்குவார் என்பதை டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய மகசரின் நகலைச் சந்துரு வாங்கி வந்திருந்தான். பிணத்தின் மேல் இருந்தவை: கைலி ஒன்று, சட்டை ஒன்று, பீடிக் கட்டு, தீப்பெட்டி, பட்டன் போன். கௌசிகா அதை மூன்று முறை படித்தாள்.

"இதுல என்ன இல்ல, சொல்லு பாக்கலாம்."

"உசிருங்க."

"அறை வாங்குவே. செருப்பு எங்கே?"

சந்துருவின் சிரிப்பு நின்றது. ஏலக்காய் காயப்போட்டும் சேர்த்தும் வைக்கிற இடத்துக்குள் இந்த மலையில் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். காய் லட்சுமி. படிக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள். முன்வாசலில் செருப்பு கிடந்திருந்தால் மகசரில் ஏறியிருக்கும். பீடிக் கட்டையே விடாமல் எழுதின போலீஸ் செருப்பை விட்டிருக்காது.

"திருடப் போறவன் செருப்பை வாசல்ல கழட்டி வெச்சுட்டா போவான்?" என்றாள் கௌசிகா. "கக்கத்துல இடுக்கிட்டுப் போவான். இவரு மரியாதையா வேலைக்குப் போயிருக்காரு. எந்தப் படியில கழட்டினாரோ அந்தக் கதவுலதான் போயிருக்காரு. நட."

மேனேஜரின் அறையைத் தாண்டி ஒரு குறுகலான நடை. தொழிலாளிகள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஜோஜோ சம்பவத்துக்கு மறுநாளே லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டார். நடையின் கடைசியில் பக்கவாசல் பூட்டியிருந்தது. முத்துப்பேச்சி என்ற பெண் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள்.

சிமெண்டுத் தரை துடைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. கதவை ஒட்டி ஒரு முழ இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் தூசி படிந்து கிடந்தது. விளக்குமாறு அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது. நடுவில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. ஜோடியாக, கதவைப் பார்த்து, ஒழுங்காகக் கழற்றி வைத்த செருப்பு. அதன் மேலும் அதே தூசி. இடது செருப்பின் வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது.

சந்துரு கையை நீட்டினான். முத்துப்பேச்சி அலறிவிட்டாள்.

"அதத் தொடாதீகய்யா! செத்தவுக செருப்பு."

"யாருதும்மா?" என்றாள் கௌசிகா.

"ராக்கப்பன் மாமாவுது. அந்த ஊக்கு ராமுத்தாயி அக்கா குத்தினது. அவுக சம்சாரம். வீட்டு ஆளுக வந்து எடுக்காம மத்தவுக தொட்டா ஆகாது. நான் வெளக்கமாறுகூடப் படாமத்தேன் கூட்டுறேன்."

"பதினோரு நாளாவா?"

"அன்னையிலேர்ந்து இப்படியேதேன் கெடக்கு."

"போலீஸ் பாக்கலையா?"

"அவுக முன்வாசலோட போய்ட்டாக. இங்கிட்டு யாரு வந்தா?"

தூசி பதினோரு நாளைக் கணக்கு வைத்திருந்தது. பொய்யாக ஒரு செருப்பை வைத்துவிடலாம், பதினோரு நாள் தூசியை வைக்க முடியாது. இவ்வளவு நல்ல சாட்சி தன் தொழிலில் இதுவரை கிடைத்ததில்லை என்று கௌசிகாவுக்கு உள்ளுக்குள் துள்ளியது. மேனேஜர் ஜோஜோ ஷூ போடுகிற ஆள். தரையில் கிடக்கிற ரப்பர் செருப்பு அவர் கண்ணில் எப்போதுமே பட்டதில்லை, அன்றைக்கும் படவில்லை.

"உள்ள போகச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

முத்துப்பேச்சி மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஆக்ஷன்ல ஏலம் விடச் சாம்பிள் கொண்டு போகணும், ஒரு கை அள்ளிட்டு வெரசா வான்னாரு. மாமா மாட்டேன்னுதேன் சொன்னாக. ரெண்டே நிமிசம்டான்னு கதவத் தொறந்து விட்டாரு." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. கம்பெனி குடுத்த லயத்து வீட்ட விட்டு எறக்கிப்புடுவாக. எம்பிள்ளைகள எங்க கொண்டு போவேன்?"

"நீங்க சொல்லவே வேண்டாம்" என்றாள் கௌசிகா. "இந்தச் செருப்பு சொல்லும்."

சந்துரு போனை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். "படம் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"ஒண்ணே ஒண்ணுங்கக்கா."

"வேலை கொடுத்தவர் பேச்சு. அவருக்குத் தெரியாததா?"

வெளியே வந்து மழைச்சாரலில் நின்றபடி தங்கதுரைக்குப் போன் போட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். தூசியைச் சொன்னாள், ஊக்கைச் சொன்னாள், முத்துப்பேச்சியின் பயத்தைக்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரலில் பெருமை ஏறியதை அவளே கேட்டாள்.

"அருமைங்க" என்றார் தங்கதுரை. "அதை யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்க மாட்டாங்கங்க. அவரு சம்சாரம் கையைத் தவிர, அதை எடுக்க இந்த ஊர்ல ஒரு கை கிடையாது."

"ரொம்பச் சந்தோசமுங்க. ரூம்புக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க. காலைல நானே வந்துடறேன்."

கௌசிகா பாண்டித்துரையைத் தேடிப்போய்ச் சொன்னாள். "பயப்படாதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அவர் அவள் காலில் விழப் போனார். அவள் பதறி விலகினாள். அந்த இரவு குமுளி லாட்ஜில் நிம்மதியாகத் தூங்கினாள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர்கள் நடைக்குள் நுழைந்தார்கள். தரை முழுக்கச் சுத்தமாக இருந்தது. கதவடியில் செருப்பும் இல்லை, ஒரு பொட்டுத் தூசியும் இல்லை. ஈரத்துணியால் துடைத்த வாசம் வந்தது. முத்துப்பேச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் அவர்களைக் கடந்து போனாள்.

சந்துரு குனிந்து கதவடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தான். ஈரம்தான் ஒட்டியது.

தொழிலாளிகளின் லயம் கால் மணி நேர நடை. கௌசிகா ஓடினாள். ராமுத்தாய் ஈரச் சேலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம், ஆனால் ஏதோ பாரம் இறங்கின தெளிவு.

"வாத்தா. நீயும் வக்கீலய்யாகூட வந்தவளா?"

"அவரு இங்க வந்தாருங்களா?"

"ஏழு மணிக்கே வந்துட்டாரு. கம்பெனிக் கார்ல. எந்தக் கம்பெனில இப்பிடி மனுசன் வருவாக? கையெடுத்துக் கும்பிட்டாரு ஆத்தா, என்னய. அம்மா, உங்க வீட்டுக்காரர் செருப்பு அங்க அனாதையாக் கெடக்கு, அந்த ஆத்மா வாசப்படிய விட்டுப் போகமாட்டாம நிக்குது, உங்க கையத் தவிர அதை எடுக்க இந்த ஊர்ல ஒரு கை கிடையாதுன்னாரு. எப்படித் தெரிஞ்ச மனுசன் பாரு! நாந்தேன் போய் எடுத்தேன். முந்தானையில பொதிஞ்சு எடுத்தேன். ஓடைக்கு அவரும் கூடவே வந்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட தண்ணியில எறங்கி எங்கூட நின்னாரு. செருப்பத் தண்ணியில விட்டுட்டேன். மழைத்தண்ணி, ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிருச்சு."

கௌசிகா போனில் பெருமையாகச் சொன்ன வாக்கியம், அப்படியே, ஒரு விதவையின் வாயிலிருந்து நன்றியாகத் திரும்பி வந்தது. துப்புச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏதாச்சும் கையெழுத்து வாங்கினாருங்களா?"

"பொருள் வாங்கிக்கிட்டதுக்கு ஒரு பேப்பரு. எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுத்தா."

சந்துரு அதை வாங்கிப் படித்தான். மலையாளத்தில் டைப் செய்த நாலு வரி. படித்து முடித்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன?"

"'என் கணவரின் செருப்பு ஒரு ஜோடி, குடோன் முன்வாசலில் இருந்து எடுத்து என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.'" அவன் விரல் ஒரு வார்த்தையில் நின்றது. "முன்வாசலுங்கக்கா. கீழ இந்தம்மா கைநாட்டு."

ஆதாரத்தை அழித்ததோடு அந்த ஆள் நிறுத்தவில்லை. அதை முன்வாசலுக்கு நகர்த்திவிட்டு ஓடையில் விட்டிருக்கிறார். தன் புருஷனைக் காப்பாற்ற விஷத்துக்குள் பாய்ந்த பாண்டித்துரையைச் சிறைக்கு அனுப்பும் சாட்சி இனி ராமுத்தாய்தான். அது அவருக்குத் தெரியாது. கௌசிகா சொல்லவும் இல்லை. சொன்னால் அந்த முகத்தில் இருந்த தெளிவும் போய்விடும். அயோக்கியத்தனத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று அவள் அதுவரை நம்பியிருந்தாள்.

கம்பெனி வாசலில் பாக்டரி இன்ஸ்பெக்டரின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரே கதவு, ஒரே சாவி, ஒரே ஆள். தங்கதுரை சொன்ன அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். தங்கதுரை காருக்கு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பினார். வேட்டி விளிம்பில் ஓடைச் சேறு காய்ந்திருந்தது.

"சாப்டீங்களா?" என்றார்.

"நீங்க உண்மை வேணும்னு கேட்டீங்க."

"கேட்டேனுங்க. நீங்களும் கொடுத்தீங்க. யார் தப்புன்னு கண்டுபிடிக்கவா உங்களை அனுப்பிச்சேன்? அது போலீஸ் வேலைங்க. போலீஸ் கண்ணுல என்ன பட்டா நம்ம கதை கெடும்னு எனக்குத் தெரியோணும். நீங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சீங்க. அவங்க இன்னும் பத்து நாள்ல கண்டுபிடிச்சிருப்பாங்க."

"இப்பவே போலீஸ்கிட்டச் சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லுங்க." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

போலீஸ் ஜீப் வந்தது. கௌசிகா எஸ்ஐயை நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் சுத்தமான தரையைப் பார்த்தார். படம் இருக்கிறதா என்றார். இல்லை. எழுதிய குறிப்பு? இல்லை. நீங்கள் யார் அனுப்பி வந்தீர்கள்? கம்பெனி வக்கீல். முன்வாசலில் இருந்திருந்தால் உங்கள் மகசரில் செருப்பு ஏன் இல்லை என்று கேட்டாள்; எழுத விட்டிருப்பார்கள், சம்சாரமே கைநாட்டு வைத்திருக்கிறாரே என்றார். எஸ்ஐ சிரிக்கவில்லை, ஆனால் சிரித்திருந்தால் தேவலை. முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் தரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் கூட்டுறவ சார். எனக்கு என்ன தெரியும்?"

திரும்பி வந்தபோது பாண்டித்துரை ஜீப் பக்கத்தில் நின்றிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி, டிபன் பாக்ஸைக்கூட எடுத்து வந்திருந்தார். தங்கதுரையின் கை அவர் தோள் மேல் இருந்தது.

கௌசிகா நேரே அவரிடம் போனாள்.

"பாண்டித்துரை, நான் சொல்றதைக் கேளுங்க. ஸ்டேஷன்ல எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. வேற வக்கீல் வேணும்னு கேளுங்க. இவரு உங்க வக்கீல் இல்லைங்க. கம்பெனியோட வக்கீல். உங்களைப் பலி கொடுத்துட்டுக் கம்பெனியைக் காப்பாத்தறாரு."

அவர் குழம்பிப்போய் தங்கதுரையைப் பார்த்தார். தங்கதுரை ஒன்றும் மறுக்கவில்லை. வருத்தமாகப் புன்னகைத்து, "இந்தம்மா நேத்து உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பாண்டித்துரை யோசித்தார். இருமினார். பிறகு முகம் மெதுவாக இறுகியது.

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதீகன்னுச்சு" என்றார். "அத நம்பி ராத்திரி வக்கீலய்யாவுக்குப் போன்கூடப் பண்ணாம படுத்துட்டேன்."

"பாண்டித்துரை..."

"போதும்மா. கம்பெனி வேற நான் வேறங்கிறியா? இருபத்தாறு வருசம். நீ நேத்து வந்தவ."

அவர் அவளிடமிருந்து ஓரடி நகர்ந்து தங்கதுரையை ஒட்டி நின்றுகொண்டார். தங்கதுரை ஜீப்பின் பின்கதவைத் தானே திறந்து, "தலையைப் பாத்துங்க, இடிச்சுக்கப் போறீங்க" என்று அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். ஏறி உட்கார்ந்த பாண்டித்துரை, கம்பியைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.